சைனி டையும் சந்தியாகுபட்டிப் பாலமும்

தப்பு என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மனசு கொஞ்சம் லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. போகட்டும், நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெயர் நாகராசு. கொன்றைக்குளம் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் மினிட் கிளார்க். கவுன்சில் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள், என்ன தீர்மானம் ஆயிற்று என்பதை மினிட் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். மெம்பர்கள் சரி என்றால் சேர்மன் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகுதான் அன்றைய காரியம் தொடங்கும். நான் இன்டர்மீடியட் வரை படித்தவன். அந்தக் கட்டடத்தில் கமிஷனருக்கு அடுத்தபடியாக இங்கிலீஷ் தெரிந்தவன் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. எல்லா வினையும் அந்த நினைப்பால் வந்ததுதான்.

சேர்மன் உடையப்பன் பெரிய மனிதர். சமஸ்தானம் இந்தியாவோடு சேருவதற்கு முன்னால் புதுக்கோட்டைச் சட்டசபையில் பதினோரு மாதம் மெம்பராக இருந்தவர். அந்தப் பதினோரு மாதத்தில் ஒரே ஒரு தடவை எழுந்து பேசினார், விசிறி சுற்றவில்லை என்று. ஆனால் வெறுங்கையோடு திரும்பவில்லை. அங்கே ஒரு துரை சபையைக் கலைக்கும்போது சொன்ன இரண்டு லத்தீன் சொற்களை அப்படியே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். சைனி டை. அடுத்த கூட்டம் என்றைக்கு என்று நாள் குறிக்காமல் ஒத்திவைக்கிறோம் என்று அர்த்தம்.

எங்கள் கவுன்சில் மாதாமாதம் முதல் செவ்வாய்க்கிழமை கூடும். வாசலில் சுண்டல் விற்கிறவருக்குக்கூட அது தெரியும். ஆனாலும் சேர்மன் ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் எழுந்து, மேல்துண்டைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்து, "சபை சைனி டை ஒத்திவைக்கப்படுகிறது" என்பார். சொல்லிவிட்டு, "அடுத்த மாசம் மொதச் செவ்வாக்கெழமை எல்லாரும் நேரத்தோட வந்துருங்க" என்பார். ஒருவரும் குறை சொன்னதில்லை.

அறுபத்து மூன்றாம் வருஷம் சித்திரையில், ஆபீஸ் காரியமெல்லாம் இனித் தமிழில்தான் என்று உத்தரவு வந்தது. இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்தவரை வம்பில்லை. அந்த எழுத்தை அவரவர் வாய்க்கு வந்தபடி வாசித்துக்கொள்ளலாம். தமிழில் அந்த வசதி கிடையாது. சத்தத்தையே எழுதியாக வேண்டும்.

"நாள் குறிக்காமல் ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதினால் தீர்ந்தது. பக்கத்து ஓரத்தில் பென்சிலால் எழுதியும் பார்த்தேன். ரொம்பச் சாதாரணமாக இருந்தது. எட்டாம் வகுப்புப் படித்தவன்கூட எழுதிவிடுவான். இன்டர்மீடியட் படித்துவிட்டு இதையா எழுதுவது என்று தோன்றியது. ரப்பரால் அழித்துவிட்டு, "சைனி டை ஒத்திவைக்கப்பட்டது" என்று மையால் எழுதினேன். எழுதி முடித்ததும் இரண்டு தடவை வாசித்துச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வைகாசிக் கூட்டத்தன்று ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் ஒரு அம்மாள் மனுவோடு நின்றுகொண்டிருந்தாள். அடைக்கலமேரி என்று பெயர். காட்டாற்றுக்கு அக்கரையில் இருக்கிற சந்தியாகுபட்டிக்காரி. அந்தக் காட்டாறு வருஷத்துக்குப் பத்து மாதம் வெறும் மணல். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஆறு. அந்த இரண்டு மாதமும் நாற்பது வீட்டு ஜனம் அக்கரையிலேயே கிடக்க வேண்டும். ஒரு பாலம் போட்டுத் தாருங்கள் என்பதுதான் மனு. அன்றைய அஜண்டாவில் அது ஏழாவது அயிட்டம்.

"இன்னைக்கு ஆயிருமாய்யா?" என்று கேட்டாள்.

"ஆயிரும் ஆத்தா. யாரும் எதுத்துப் பேச மாட்டாங்க."

"எம் மக சந்தனமேரிக்கு ஐப்பசியில மாசம். தலப்புள்ள. எங்கிட்டதான் வந்து இருக்கா. பாலம் மட்டும் வந்துருச்சுன்னா மருத்துவச்சி செவந்தியம்மா பையத் தூக்கிக்கிட்டு நடந்தே வந்துருவாங்க."

நான் உள்ளே போய் மினிட்டை வாசித்தேன். கடைசி வரி வந்ததும் வைஸ் சேர்மன் ரெங்கராஜ் எழுந்தார். திருச்சியில் பாதிரிமார் காலேஜில் படித்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் என்றால் யாருக்கோ கேடுகாலம்.

"கிளார்க் கடைசியா என்னமோ வாசிச்சாரே, அது என்ன?"

"சைனி டைங்க."

"அப்படி ஒரு சொல்லு ஒலகத்துலயே கெடையாது. சினே தியே. லத்தீன் எங்களுக்குப் பாடம்."

சேர்மன் முகம் சிவந்துவிட்டது. "நீங்க பாடத்துல படிச்சீங்க. நான் காதால கேட்டவன். தொர வாயிலேருந்து நேரா எங் காதுக்கு வந்துச்சு. நடுவுல புஸ்தகம் கிஸ்தகம் எதுவும் கெடையாது."

"தொர இங்கிலீஷ்காரரு. லத்தீன் அவரு பாஷை இல்ல."

"அப்ப ஒங்க பாஷையா?"

மெம்பர் மலையாண்டி மட்டும் எழுந்து, "ரெண்டுல எதுவா வேணாலும் இருக்கட்டுங்க, ஏழாவது அயிட்டத்தப் பேசுவோம், மழை வருதுல்ல" என்றார். கமிஷனர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். போன கூட்டத்து மினிட்டை உறுதி செய்யாமல் வேறு எந்த அயிட்டத்தையும் எடுக்கக் கூடாது என்று வாசித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "மெம்பருக்கு மழையப் பத்திக் கவலை. எனக்கும் உண்டு. ஆனா ரூல்ல மழை வரலை. மினிட்தான் வருது."

அதற்குப் பிறகு சேர்மன் முக்கால் மணி நேரம் பேசினார். "பாலம் என்னங்க பாலம், இந்த வருஷம் இல்லாட்டி அடுத்த வருஷம் கட்டிக்கலாம். உச்சரிப்பு ஒரு தடவ கெட்டுச்சுன்னா கெட்டதுதான். நாளைக்கு நம்ம புள்ளைங்க நம்மளப் பாத்துக் காறித் துப்பும்." வைஸ் சேர்மன் அவரை விடவில்லை. "ஜனநாயகத்துல ஜனங்களுக்காகத்தான் நாம சரியாப் பேசணும்னு சொல்றேன்" என்றவர், ஜன்னல் வழியே அடைக்கலமேரி எட்டிப் பார்ப்பதைக் கண்டு, "அந்த ஜனத்தக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நிக்கச் சொல்லுங்க, பேச முடியல" என்றார்.

கூட்டத்தை முடிக்க வேண்டிய நேரம் வந்தது. எதைச் சொல்லி முடிப்பது? சேர்மன் வாயைத் திறந்ததும் பாதிப் பேர் "சினே தியே" என்று கத்தினார்கள். மீதிப் பேர் அவர்களைப் பார்த்துக் கத்தினார்கள். கடைசியில் எல்லோருக்கும் பசி வந்து, ஒத்திவைக்காமலேயே எழுந்து போய்விட்டார்கள்.

மறுநாள் கமிஷனர் என்னைக் கூப்பிட்டு, சபை முறைப்படி ஒத்திவைக்கப்படாததால் சபை இன்னும் நடந்துகொண்டிருப்பதாகவே அர்த்தம் என்றார். துடைப்பத்தோடு ஹாலுக்குள் நுழையப் போன பியூன் பெரியகருப்பனைத் தடுத்து நிறுத்தினோம். சபை நடக்கும்போது பெருக்கக் கூடாது. அதன்பிறகு ஒரு மாதம் அந்த ஹாலில் ஆளே இல்லாமல் கூட்டம் நடந்தது. உள்ளதைச் சொன்னால், அந்த யூனியனில் சத்தமில்லாமல் நடந்த ஒரே கூட்டம் அதுதான்.

ஆனியில் அந்தக் கூட்டமே தொடர்ந்தது. மெம்பர்கள் உச்சரிப்புவாரியாக இடம் மாறி உட்கார்ந்தார்கள். காப்பியும் இரண்டு தூக்கில் தனித்தனியாக வந்தது. விஷயத்தை ஆராய ஐந்து பேர் உபகமிட்டி போட்டார்கள். யூனியன் ஜீப்பில் ஏறிக் கீரனூர் வழியாகத் திருச்சிக்குப் போய், ஒரு ரிட்டயர்டு ஜட்ஜைப் பார்த்துவிட்டு, வருகிற வழியில் நார்த்தாமலையில் இறங்கிச் சோழர் கோயிலையும் பார்த்துவிட்டு வந்தார்கள். சந்தியாகுபட்டியையும் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாமே என்று நான் சொன்னேன். பாலம் இல்லாத ஊருக்கு ஜீப் எப்படிப் போகும் என்று கேட்டார்கள். அது நியாயம்தான்.

ஆடியில் அறிக்கை வந்தது. பதினெட்டுப் பக்கம். அதில் கோயிலைப் பற்றிப் பதினாறு பக்கம். மீதி இரண்டு பக்கத்தில், ஜட்ஜ் "சினி டையே" என்று சொன்னதாக இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. இரண்டு கட்சி மூன்றாயிற்று.

ஒவ்வொரு மாதமும் அடைக்கலமேரி வந்தாள். ஆறு மைல் நடை. வந்து வேப்பமரத்தடியில் நிற்பாள். நான் வெளியே வந்து உதட்டைப் பிதுக்குவேன். "பரவாயில்லய்யா, அடுத்த மாசம் ஆயிரும்" என்று அவள்தான் எனக்குத் தேறுதல் சொல்லிவிட்டுப் போவாள். ஆவணியில், "மகளுக்கு ஏழு மாசம் முடிஞ்சிருச்சுய்யா" என்றாள். மோர் வாங்கிக் கொடுத்தேன்.

புரட்டாசியில் கமிஷனருக்கு ஒரு யோசனை உதித்தது. லத்தீன் மாதா கோயில் பாஷை. சந்தியாகுபட்டி வேதக்கார ஊர். அங்கே பூசையெல்லாம் லத்தீனில்தான். சாவுப்பூசையில் பாடுகிற கூட்டத்துக்கு முன்பாட்டுக்காரி அடைக்கலமேரி. அவள் பாடுகிற பாட்டில் அந்த இரண்டாவது சொல்லின் உறவுக்காரச் சொல் ஒன்று வருகிறதாம். ஆகவே அவளையே சபைக்கு அழைத்து, சாட்சி சொல்ல வைக்கலாம். மூன்று கட்சியும் ஒப்புக்கொண்டன. அந்த வருஷத்தில் அதுவரை அவர்கள் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் அது.

இனிமேல் சொல்வதுதான் கஷ்டம்.

அவளை உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் நான் மரத்தடிக்குப் போனேன். "சாவுப்பாட்டுல அந்தச் சொல்ல எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டேன். "தியேன்னு வரும்" என்றாள். வைஸ் சேர்மன் சொன்னதுதான் சரி.

"ஆத்தா, அப்படிச் சொல்லிராதீங்க. டைன்னு சொல்லுங்க. சேர்மன் மனசு குளுந்துரும். அடுத்த நிமிஷம் ஒங்க பாலம் பாஸாயிரும்."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "செத்தவங்களுக்காகச் சாமிகிட்ட சொல்ற சொல்லுய்யா. அதப் போயி மாத்தலாமா?"

"ஒரு சொல்லுதானே. மகள நெனச்சுப் பாருங்க."

பாலத்துக்காகத்தான் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிப் பொய். சேர்மன் ஜெயித்தால் நான் எழுதிய மினிட் சரியென்று ஆகிவிடும். வைஸ் சேர்மன் ஜெயித்தால் மினிட்டில் என் எழுத்தை அடித்துத் திருத்துவார்கள். எனக்கு அந்த அடித்தல் திருத்தல்தான் பெரிதாகத் தெரிந்தது. பிள்ளைத்தாய்ச்சியைச் சொல்லி அவளை மடக்கினேன்.

உள்ளே செபமாலையைப் பிடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். அடைக்கலமேரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "டை" என்றாள். வைஸ் சேர்மன் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவை குரலே வரவில்லை. சேர்மன் கைதட்டி, "கேட்டுக்கங்க, படிக்காத ஜனம்தான் பாஷையக் காப்பாத்துது" என்றார்.

மினிட் உறுதியாயிற்று. ஏழாவது அயிட்டம் ஏகமனதாக நிறைவேறியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், நாற்பது விநாடி ஆகியிருந்தது. சபை சைனி டை ஒத்திவைக்கப்பட்டது. பெரியகருப்பன் அன்றைக்கே ஹாலைப் பெருக்கினார்.

வைஸ் சேர்மன் ரெங்கராஜ் சும்மா இருப்பாரா? சாட்சி கலைக்கப்பட்டிருக்கிறது என்று மேலாபீசுக்கு எழுதினார். உண்மையைத்தான் எழுதினார். மேலாபீசிலிருந்து தந்தி மாதிரி வேகத்தில் உத்தரவு வந்தது: சொல் விவகாரம் தீரும்வரை அந்தக் கூட்டத்தின் தீர்மானங்கள் எல்லாம் நிறுத்திவைக்கப்படுகின்றன. பாலத்துக்கென்று அதற்குள் ஆற்றங்கரையில் கொட்டியிருந்த கல் கொட்டினபடி கிடந்தது.

உத்தரவின் நகலைச் சந்தியாகுபட்டியில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கி வரும்படி ஐப்பசியில் என்னை அனுப்பினார்கள். மூன்று நாளாக மழை. பகல் பதினொரு மணிக்கு ஆற்றங்கரைக்குப் போனால், ஆறு கரையை முட்டிக்கொண்டு செம்மண் நிறத்தில் போகிறது. இக்கரையில் மருத்துவச்சி செவந்தியம்மா பையோடு நனைந்துகொண்டு நிற்கிறார். அக்கரையில் ஒரு கயிற்றுக் கட்டிலில் சந்தனமேரி. சுற்றிலும் பெண்கள் சேலையை விரித்துப் பிடித்திருந்தார்கள். அகலம் என்னவோ அறுபது அடிதான்.

"காலையிலேருந்து நிக்கிறேன்" என்றார் செவந்தியம்மா. "நாலு ஆளு எறங்கிப் பாத்தாங்க, இழுத்துட்டுப் போகுது." பிறகு அக்கரையைப் பார்த்து, தலை முன்னால் வருகிறதா, கால் முன்னால் வருகிறதா என்று கத்தினார். தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் எட்டவில்லை. எனக்குக் குரல் கொஞ்சம் கனம் என்பதால் என்னைக் கத்தச் சொன்னார். கத்தினேன். அக்கரையில் அடைக்கலமேரி காதில் கை வைத்துக்கொண்டு, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினாள். மறுபடி கத்தினேன். செவந்தியம்மா சொல்லச் சொல்ல, எப்படிப் பிடிக்க வேண்டும், எப்போது முக்கச் சொல்ல வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு சொல்கூட அக்கரைக்குப் போகவில்லை. நகலும் என் சட்டைப் பையிலேயே ஊறிப்போயிற்று.

சாயங்காலம் நாலு மணி வாக்கில் சேலைகளை இறக்கினார்கள். அடைக்கலமேரி எங்களைப் பார்த்துக் கையை விரித்தாள். செவந்தியம்மா பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். தாய் பிழைத்தாள். பிள்ளை செத்துப் பிறந்தது.

கார்த்திகைக் கடைசியில் மேலாபீசிலிருந்து முடிவான பதில் வந்தது. ஒரே வரி. "இனி இவ்விடங்களில் லத்தீன் சொற்களைத் தவிர்த்து, 'நாள் குறிக்காமல் ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதவும்." பழைய தீர்மானங்கள் ரத்து. தேவையானவர்கள் புதிதாக மனுச் செய்துகொள்ளலாம். சேர்மன் அதை வாசித்துவிட்டு, தமிழை வாழவைத்தது கொன்றைக்குளம் யூனியன்தான் என்று பேசினார். வைஸ் சேர்மன் வழிமொழிந்தார். மினிட் புத்தகத்தைத் திறந்து சித்திரைப் பக்கத்தைப் பார்த்தேன். ஓரத்தில் ரப்பர் போட்ட இடத்தில், பென்சில் தடம் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. அதே மூன்று சொல்.

மறுநாள் சந்தியாகுபட்டிக்குப் போனேன். ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான். அடைக்கலமேரி கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, சின்னதாகக் குவித்த மண்ணைச் சுற்றி முள் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆடு ஏறாமல் இருக்க வேண்டுமே.

"ஞானஸ்நானம் வாங்காத புள்ளயில்லையாய்யா, உள்ள எடம் இல்ல" என்றாள். "பாட்டும் கெடையாது, மணியும் கெடையாது. ஊரு சாவுக்கெல்லாம் நான் பாடுனேன். எம் பேரனுக்குப் பாட முடியல. அந்தச் சொல்ல நான் மாத்திச் சொன்னேன்ல, அதான் சாமி எங்கிட்டேருந்து வாங்கிக்கிருச்சு."

"நீங்க சொல்லல ஆத்தா. நாந்தான் சொல்ல வச்சேன்."

"நீங்க ஊருக்கு நல்லதுன்னு சொன்னீங்க. வாயி என்னுதுதானே. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். அவரு மன்னிச்சுட்டாரு. எனக்குத்தான் ஆற மாட்டேங்குது."

கடைசி முள்ளையும் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா, அந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம்? இத்தன மாசமா வந்து நின்னேன், ஒருத்தரும் சொல்லலையே."

"நாள் குறிக்காம தள்ளி வைக்கிறதுன்னு அர்த்தம்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"அதையே எழுதிருக்கலாமேய்யா" என்றாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் இன்றைக்கு இப்படி இருக்க மாட்டேன். எழுதினேன், அழித்துவிட்டேன் என்று சொல்ல வந்தது. சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனம் பண்ண எனக்கு ஆளில்லை.

"எழுதிருக்கலாம் ஆத்தா" என்றேன்.

அவள் மண்ணைப் பார்த்துக்கொண்டே, "பாலத்துக்குத் திரும்ப மனு எழுதணுமாமே?" என்றாள். "சின்னவளுக்குத் தையில கல்யாணம். அடுத்த ஐப்பசிக்குள்ள வேணும்."

பையில் காகிதமும் பேனாவும் இருந்தன. கல்லறைச் சுவர்மேல் காகிதத்தை வைத்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.